நாடா வேகம் சரியானது: பிளான்ட் குரல் எப்போது இறங்கியது?

என்னிடம் உள்ள ஒரு 1973 கச்சேரிக் கேசட்டின் சரியான வேகம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. லெட் செப்பெலின் ராக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து யாரோ பதிவுசெய்தது. எத்தனை கை மாறி என்னிடம் வந்ததோ தெரியாது. கச்சேரி போகப் போக பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் குரல் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரம் பாடிய பிறகுதான் அவருக்குத் தொண்டை திறக்கிறது என்று சிலாகிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததே இல்லை. கடைசிப் பாட்டுகளில் உயிரெழுத்துகள் எல்லாம் சின்னப் பையன் வாயிலிருந்து வருவதுபோல் ஒடுங்கி ஒலிக்கின்றன. தொண்டை திறந்தால் அப்படி ஆகாது, நாடா வேகம் மாறினால்தான் ஆகும். பதிவுக் கருவியின் பேட்டரி இறங்க இறங்க மோட்டார் தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதை நாம் ஒழுங்கான வேகத்தில் ஓட்டிக் கேட்கும்போது சுருதி ஏறிவிடுகிறது.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. கிட்டாரை நம்ப முடியாது, அவர்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொண்ட சுருதி, பொது அளவான 440 ஹெர்ட்ஸ் ஆகத்தான் இருக்கும் என்று கட்டாயமில்லை. 1970, 71 பதிவுகளில் குழுவில் பேஸும் கீபோர்டும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸின் ஹாம்மண்ட் ஆர்கன் கைகொடுக்கும். அதன் மோட்டார் மின்சார அலைவெண்ணோடு பூட்டியபடி சுற்றுவதால் சுருதி நகராது. 1973இல் அவர் கையில் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு வந்துவிட்டது. அதுவே நாடாவில் ஓடும் கருவி, அதன் சுருதியே அலையும்.

மிச்சமிருப்பது ஆம்ப்ளிஃபயர்களின் ஹம், அதாவது மின்சார அலைவெண்ணிலும் அதன் மடங்குகளிலும் எழும் மெல்லிய இரைச்சல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பாட்டுக்குப் பாட்டு நடுவே, கைதட்டல் அடங்கி பிளான்ட் பேச வாயெடுக்கும் முன், கொஞ்சம் அமைதி கிடைக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அளவை 65536 வைத்து அலைவெண் வரைபடம் போடுங்கள். இதற்கு ஒன்றரை விநாடி அமைதி வேண்டும், அதற்குக் குறைந்தால் படம் மங்கிவிடும். 60ஐப் பார்க்காதீர்கள், அங்கே பேஸ் கிட்டார் அதிர்வு பக்கத்திலேயே கிடக்கும். மூன்றாம் மடங்கான 180ஐப் பாருங்கள், பிழையும் மூன்று மடங்காகப் பெருத்துத் தெரியும். என் கேசட்டில் தொடக்கத்தில் வரைபடத்தின் அந்த முனை 181.5இல் நிற்கிறது. கடைசியில் 186.3. அதாவது முடிவில் மூன்றரை சதவீத வேகம் கூடுதல், சுருதியில் கால் கட்டைக்கும் சற்று மேல். அதே மென்பொருளில் வேகத்தை இடத்துக்கு இடம் மாற்ற உதவும் டைம் டிராக் போட்டு ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு புள்ளி வைத்து இறக்கியாயிற்று. இப்போது குரல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆளுடையதாக இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. நாடாவைப் பிரதி எடுத்த இடத்து ஹம்மும் அதன்மேல் ஏறியிருக்கும். அமெரிக்கக் கச்சேரி, லண்டனில் எடுத்த பிரதி என்றால் 50இன் மடங்குகளும் சேர்ந்து நிற்கும். இரண்டு ஹம் தெரிந்தால் எது அரங்கத்தினுடையது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கச்சேரி நீள நீள நகர்கிற முனைதான் அரங்கத்தினுடையது.

சரி, இவ்வளவு பாடுபட்டதற்குக் கிடைத்தது என்ன? 1972 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸிலும் லாங் பீச்சிலும் பாடியதையும், 1973 ஜூலையில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ராக் அண்ட் ரோல்’ பாட்டை முதல் ஆண்டில் ஆல்பத்தில் உள்ளபடி உச்சத்தில் எடுக்கிறார். அடுத்த ஆண்டு அதே வரிகளைக் கீழே இறக்கி, மெட்டையே மாற்றிப் பாடுகிறார். இரண்டும் அதிகாரபூர்வ வெளியீடுகள், பல இரவுகளை ஒட்டி உருவாக்கியவை. அதனால்தான் ஒட்டுவேலை இல்லாத ஒரு முழு இரவு எனக்கு வேண்டியிருந்தது. வேகத்தைச் சரிசெய்த கேசட்டும் அதையேதான் சொல்கிறது. பெரிய இறக்கம் நடந்தபோது பிளான்ட்டுக்கு வயது 24. முதுமை அவர் குரலைத் தின்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த ஓர் ஆண்டைக் கேட்க வேண்டும். இரவுக்கு இரவு மணிக்கணக்கில் பாட்டு, பின்னால் ஜான் பான்ஹமின் டிரம்ஸ், 1973 தொடக்கத்தில் பிரிட்டன் சுற்றில் கச்சேரிகளைத் தள்ளிப்போட வைத்த காய்ச்சல். இவ்வளவையும் எந்தத் தொண்டை தாங்கும்?

2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கக் கச்சேரிக்கும் இதே முறைதான் நியாயம் செய்கிறது. அன்று ‘ஸ்டெர்வே டு ஹெவன்’ ஆறு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு இறங்கியிருந்தது. கூட்டத்திலிருந்து எடுத்த பதிவை ஆல்பத்தின் சுருதிக்கு ‘திருத்தினால்’ 59 வயது மனிதர் பாடாத உச்சத்தைப் பாடியதாக ஆகிவிடும். லண்டன் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை வைத்துப் பாருங்கள், உண்மை தெரியும். அந்த இறங்கிய சுருதியில் அவர் அவ்வளவு நிதானமாக, இடம் விட்டுப் பாடுகிறார். என் காதுக்கு அது 1973ஐவிட நல்ல பாட்டு.

கேசட் டெக்கில் நாடாவை ஓட்டும் ரப்பர் பெல்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு: சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் விட்டத்தோடு தடிமனையும் ஒப்பிட்டு வாங்குங்கள். தடிமன் பொருந்தாவிட்டால் வேகம் அலையும், அப்புறம் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.

1975 ஏர்ல்ஸ் கோர்ட், 1979 நெப்வொர்த் இரண்டும் பாக்கி. ஆனால் மனம் அதற்குள் டீப் பர்ப்பிள் குழுவின் பாடகர் இயன் கில்லன் பக்கம் போய்விட்டது. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் அவர் ‘சைல்ட் இன் டைம்’ பாட்டில் போட்ட கூவல்களைப் பிற்காலப் பதிவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஒசாகா 60 ஹெர்ட்ஸ், டோக்கியோ 50 ஹெர்ட்ஸ். ஒரே வாரத்தில் நடந்த கச்சேரிகளுக்கு இரண்டு அளவுகோல்! அந்தச் சுற்றில் கூட்டத்திலிருந்து எடுத்த பதிவு, அதிகம் கை மாறாத பிரதி, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எம்பி3 வேண்டாம்.