கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

என் அக்கா மகனிடம் கணினி சம்பந்தமாக எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பெருசா வாங்குங்க சித்தி." கிராஃபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறேன் என்றதும் ஆர்டிஎக்ஸ் 5070 என்றான், யோசிக்கவே இல்லை. நல்ல கார்டுதான். ஆனால் அது 250 வாட் குடிக்கும், 650 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று அதை உருவாக்கும் என்விடியாவே சொல்கிறது. என் பெட்டியில் இருப்பது 550. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இங்கே சிங்கப்பூரில் வார இறுதியில் பரதநாட்டிய அரங்கேற்றங்களைப் படம்பிடித்து எடிட் செய்து கொடுக்கிறேன். அலுவலக வேலை போக இது ஒரு சின்ன வருமானம். 2018-ல் அசெம்பிள் செய்த கணினி: ஐ5-8400 பிராசஸர், பி360 மதர்போர்டு, 6 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. 4கே வீடியோவில் இரண்டு எஃபெக்ட் போட்டாலே எடிட்டிங் மென்பொருளான டாவின்ச்சி ரிசால்வ் "ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) மெமரி நிறைந்துவிட்டது" என்று நின்றுவிடும். தில்லானா உச்சத்துக்குப் போகும் நேரத்தில்தான் சரியாக நிற்கும், அது வேறு எரிச்சல். போதாக்குறைக்கு, 1060 உள்ளிட்ட 10 வரிசைக் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும்.

எது வேகமான கார்டு என்று எல்லாரும் தேடுகிறார்கள். நான் முதலில் தையல் டேப்பை எடுத்தேன். என் கேஸில் 280 மில்லிமீட்டர் நீளமுள்ள கார்டு வரை போகும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார். ஆனால் முன்பக்கத்தில் நான் மாட்டிய காற்றாடி 25 மில்லிமீட்டர் தடிமன். ஆக மிச்சம் 255. மூன்று காற்றாடி வைத்த கார்டுகளில் பெரும்பாலானவை அங்கேயே அடிபட்டுப் போயின. தடிமனையும் பார்க்க வேண்டும். என் மதர்போர்டில், கார்டைச் செருகும் ஸ்லாட்டுக்குக் கீழேயே, ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் இரண்டு சாட்டா போர்ட் மேல் நோக்கி நிற்கின்றன. தடித்த கார்டு வந்தால் ஹார்ட் டிஸ்க் கேபிள் நசுங்கும். தலை மடங்கிய சாட்டா கேபிள் ஒன்று வாங்கி அதைச் சமாளித்தேன்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. ஸ்லாட் வழியாக 75 வாட் வரும், 6 பின் வயர் இன்னொரு 75 தரும், 8 பின் என்றால் 150. பவர் சப்ளையிலிருந்து 8 பின் வயர் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாட்டா மின்வயரை 8 பின்னாக மாற்றும் அடாப்டரைச் சில வெள்ளிக்கு விற்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவதே 54 வாட்தான். இன்னொன்று: கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை என்றால், வேறு பிராண்டின் வயரை எடுத்துச் செருகாதீர்கள். கார்டு பக்கம் முனை ஒன்றுபோல இருக்கும், பவர் சப்ளை பக்கம் பின் வரிசை மாறியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தேன். ஒரு கடையில், என்ன கார்டு என்று கேட்பதற்கு முன்பே 850 வாட் பவர் சப்ளையை மேசையில் எடுத்து வைத்துவிட்டார் அங்கிள். வெண்டைக்காய்ப் பையோடு வந்தவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார். இன்னொரு கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 4060-ஐக் காட்டினார். 115 வாட்தான், என் பவர் சப்ளைக்குத் தாராளம். அப்புறம் ஏன் வாங்கவில்லை?

4060-க்கு மெமரி 8 ஜிபி. அதோடு, அது பிசிஐஇ ஸ்லாட்டில் (கார்டு செருகும் அதே ஸ்லாட்தான்) உள்ள 16 லேனில், அதாவது தரவு போகும் தடங்களில், 8 மட்டுமே பயன்படுத்தும். புதிய போர்டில் பிசிஐஇ 4.0 வேகத்தில் அது போதும். என் போர்டு 3.0, அங்கே லேனுக்கு வேகம் பாதி, எட்டு லேனுக்கு நொடிக்கு 8 ஜிபி அளவில்தான் போகும். மெமரி நிரம்பாதவரை பெரிய வித்தியாசம் தெரியாது. நிரம்பி வழியும்போதுதான், மாலை ஆறு மணிக்குப் பிஐஇ விரைவுச்சாலையில் பாதித் தடத்தை மூடியது மாதிரி ஆகிவிடும். எனக்கு நிரம்புவதுதானே பிரச்சினையே.

அதனால் 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ஐத் தேடினேன். 12 ஜிபி, முழு 16 லேன், 170 வாட், ஒரே ஒரு 8 பின் வயர். என்விடியா கேட்பதும் 550 வாட் பவர் சப்ளைதான். விளையாட்டில் 4060 முந்தும், மறுக்கவில்லை. ஆனால் பழைய போர்டுக்கு, என் வேலைக்கு, பழைய கார்டுதான் பொருத்தம் என்பது என் முடிவு.

பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் வாங்குபவர்கள் கவனிக்க: 3060-ல் 8 ஜிபி வகையும் இருக்கிறது. பெயர் அதே, மெமரி பாதை மட்டும் 192 பிட்டுக்குப் பதில் 128 பிட். எம்ஆர்டி வாசலில் பெட்டியை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். நான் செம்பவாங்கில் விற்பவர் வீட்டுக்கே போய், கார்டு ஓடும்போது, அதன் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து காட்டச் சொன்னேன். 12288 எம்பி, 192 பிட். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே "ஆன்ட்டி, யூ நோ யுவர் ஸ்டஃப் லா" என்றான். பேசிய விலையில் இருபது வெள்ளியும் குறைத்தான்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. கழற்றுவதுதான் பாடு. ஸ்லாட் நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி, பழைய கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரல் போகாது. ஸ்க்ரூடிரைவரை விட்டுப் போர்டைக் கீறிவிடாமல், உணவங்காடியில் கொடுக்கும் மரச் சாப்ஸ்டிக்கால் அழுத்தினேன், டக்கென்று விட்டது. புதிய கார்டில், பழைய திரைகளுக்கான டிவிஐ இணைப்பு கிடையாது. என் இரண்டாவது திரை பழசு, அதற்கு எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் போதுமாயிற்று. அதைவிடப் பழைய விஜிஏ இணைப்பு மட்டும் உள்ள திரை என்றால் சிக்னலை மாற்றித் தரும் அடாப்டர் வேண்டும், வெறும் கேபிள் வேலைக்கு ஆகாது.

இப்போது முழு மார்கத்தையும் (அரங்கேற்றத்தின் எல்லா உருப்படிகளையும்) 4கேயில் வைத்து எடிட் செய்கிறேன், அந்த மெமரி அறிவிப்பு வரவில்லை. ஏர்கான் போடாத மதியங்களில் காற்றாடி இரைகிறது. கார்டு எடுக்கும் மின் அளவை 85 விழுக்காட்டுக்குக் குறைத்து வைத்தேன், சத்தம் அடங்கியது, வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

பழைய 1060 சும்மாதான் கிடக்கிறது. 120 வாட், ஒரு 6 பின் வயர், குட்டிப் பெட்டியிலும் நுழையும். உட்லண்ட்ஸ் பக்கம் யாருடைய பிள்ளைக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், காசு வேண்டாம்.