தெற்கைக் காட்டிய முள்

"டீச்சர், நீங்களும் பிள்ளைகளோடு கூட நடப்பீர்களோ?"

மார்ச் மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஆண்டு தவறாமல் வரும் கேள்வி இது. லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஹாரோவை ஒட்டிய பள்ளி எங்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஆசிரியை என்பதால் இந்தக் கேள்வி நேராக என்னிடம்தான் வந்து சேரும். "நடக்க மாட்டேன் அம்மா. நான் கூட நடந்தால் விருது கிடையாது" என்பேன். அந்தத் தாயின் முகம் போகும் போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

நான் சொன்ன விருது, இளையோருக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருது. 1956இல் இளவரசர் பிலிப் தொடங்கியது. எவரெஸ்ட்டில் முதன்முதலாக ஏறிய 1953ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஹன்ட்தான் முதல் இயக்குநர். முதலில் பையன்களுக்கு மட்டும் இருந்தது, 1958இல் பெண் பிள்ளைகளுக்கும் வந்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். நான் பார்ப்பது வெண்கலம். 14 வயதுப் பிள்ளைகள் நான்கு முதல் ஏழு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இரண்டு பகலும் ஓர் இரவும், தங்கள் கூடாரத்தையும் சோற்றையும் தாங்களே சுமந்து, தாங்களே வழி கண்டுபிடித்து நடக்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், ஆனால் கூட இருக்கக் கூடாது. இந்த 'பக்கத்தில்', 'கூட' இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பதினோரு ஆண்டுகளாக எனக்கு வேலை.

நான் மதுரையில் வளர்ந்தவள். இந்த வேலைக்கு வரும்வரை கூடாரத்தில் படுத்ததில்லை. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்ததை அனுபவமாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்று முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் முதுகுப்பைகளைக் கொட்டிப் பார்க்கும் சடங்கு ஒன்று உண்டு. உடல் எடையில் கால் பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது கணக்கு. 48 கிலோ இருக்கும் பெண் 12 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. சூட்கேஸ் நிறுக்கும் கொக்கித் தராசில் ஒரு பையை மாட்டினேன், 17 காட்டியது. கொட்டினால் கண்ணாடிப் போத்தலில் எலுமிச்சை ஊறுகாய், இரண்டு கிலோ அரிசி, தலைமுடி உலர்த்தி, பெரிய டார்ச் ஒன்று, அதற்கு மாற்றாக இன்னொன்று. உலர்த்தியை எங்கே செருகுவாய் என்று கேட்டதற்கு, "முகாமில் பிளக் இருக்காதா மிஸ்?" என்றாள். ஊறுகாய் அம்மாவின் வேலை. அதைச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி அனுமதித்தேன். முதல்நாள் மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொடுங்கள் என்று நானே பெற்றோரிடம் சொல்வதுண்டு. சாண்ட்விச் நசுங்கிக் கூழாகிவிடும் பைக்குள் புளியோதரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் மாலைச் சாப்பாட்டை அவர்களே சமைத்தாக வேண்டும். டிராஞ்சியா என்னும் ஸ்வீடன் நாட்டு ஸ்பிரிட் அடுப்பு. பித்தளைக் கிண்ணத்தில் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். இதன் ஆபத்து, பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட்டை மேலும் ஊற்றினால் தீ போத்தலுக்குத் தாவும். இதைச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். அதனால் மைதானத்தில் வெயிலில் அடுப்பை ஏற்றி, எரிகிறதா இல்லையா என்று கேட்பேன். பாதிப் பேர் இல்லை என்பார்கள். ஒரு காய்ந்த புல்லை அடுப்புக்கு மேல் நீட்டுவேன். புல் சுருண்டு கருகும். அந்த ஒரு நொடி அமைதிக்குப் பிறகு விதிகளைச் சொன்னால் ஏறுகிறது: அடுப்பு முழுக்க ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், கூடாரத்துக்குள் ஒருபோதும் சமைக்கக் கூடாது, தீயுள்ள இடத்தில் உட்காரக் கூடாது, குந்தியிருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் குந்தத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இங்கே பிறந்தவர்களுக்கு அதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

வழி கண்டுபிடிப்பதற்கு, பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம். அதில் நான்கு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். நடைவேகத்துக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம். அவர் பதின்ம வயதினரோடு நடந்திருக்க மாட்டார். காலுறை சரிசெய்ய நிற்பதையும், மாட்டைக் கண்டு வேலி ஓரமாகச் சுற்றுவதையும் சேர்த்து நான் மணிக்கு 3 என்றே போடுவேன்.

இவ்வளவு கறாராக இருக்கும் நான் செய்த தவறு ஒன்று உண்டு.

மே மாதம், ஒத்திகைப் பயணம். மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் கடைசி நிலையமான செஷமில் இறங்கி, சில்டர்ன் குன்றுகளுக்குள் நடை. ஒத்திகையில் முதல் பாதி கூட நடப்போம், பிறகு விலகிவிடுவோம். உணவு வேளை முடிந்ததும் ஆறு பேர் கொண்ட குழுவை வடக்கே போகும் பாதையில் விட்டுவிட்டு, அடுத்த சந்திப்பிடமான பீச் (beech) மரத்தோப்பின் வாசலுக்குக் காரில் போய்விட்டேன். 2.10க்கு வர வேண்டும். வரவில்லை. மேலே பிளவு வால் பருந்துகள் வட்டமிட்டன. இங்கிலாந்தில் அற்றுப்போன இந்த ரெட் கைட் பறவையை 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள், பெருகிவிட்டன. மற்ற நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். 45 நிமிடம் பொறுப்பது, பிறகு பாதையில் பின்னோக்கி நடப்பது என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட முறை. 2.30க்கே எழுந்துவிட்டேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

2.50க்கு, அவசரத்துக்கென்று உறையில் ஒட்டிக் கொடுத்திருந்த போனிலிருந்து அழைப்பு வந்தது.

"மிஸ், நாங்கள் தொலைந்துபோகவில்லை. தவறான ஊரில் இருக்கிறோம்."

பேசியவள் தலைமுடி உலர்த்திக்காரி. நடந்தது இதுதான். அவர்கள் வழியில் ஒரு தேவாலயம் வர வேண்டும், வந்தது. எல்லோரும் மகிழ்ந்து அடையாளம் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் வரைபடத்தையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள். வரைபடத்தில் கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை, அதாவது தட்டையான கோபுரம். ஊசியாக நீளும் கோபுரமென்றால் கறுப்பு வட்டம் இருக்க வேண்டும். எதிரே நின்றதோ ஊசிக்கோபுரம். அப்போதுதான் ஒருவன் மெல்லச் சொன்னானாம், ரொம்ப நேரமாக வெயில் முகத்தில் அடிக்கிறதே என்று. வடக்கே போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் வெயில் முதுகில் அல்லவா இருக்க வேண்டும்? முன்பே சொல்லியிருக்கலாமே என்று பிறகு அவனைக் கேட்டேன். "சொன்னேன் மிஸ். காம்பஸ் பொய் சொல்லாது என்றார்கள்."

அங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர்களுடைய காம்பஸுக்கு அருகில், ஒரு கை தள்ளி, என்னுடையதைப் பிடித்தேன். இரண்டு சிவப்பு முள்களும் நேர் எதிராக நின்றன. குளிர்காலம் முழுவதும் காம்பஸ்களை வாக்கி டாக்கிகளோடு ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தது நான்தான். வாக்கி டாக்கியின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது. நாள்பட அருகில் கிடந்தால் முள்ளின் துருவமே புரண்டுபோகும். பயிற்சியில் பிள்ளைகளிடம் போனைக் காம்பஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே என்று நூறு முறை சொன்ன வாய் என்னுடையது.

"அப்படியென்றால் இது உங்கள் தவறா மிஸ்?" என்று கேட்டான் ஒருவன். ஆமாம் என்றேன். ஆறு முகங்களிலும் அன்றைக்குக் கண்ட மலர்ச்சியை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் கண்டதில்லை. அன்றிரவு நூடுல்ஸை அடிப்பிடிக்கவிட்டார்கள், அதையும் சிரித்துக்கொண்டே தின்றார்கள்.

ஜூலையில் நடந்த அசல் பயணத்தில் அவர்கள் என்னைப் பார்த்தது மொத்தம் நான்கு முறை. நான் அவர்களைப் பார்த்தது அதைவிட அதிகம், பெரும்பாலும் வேலிப் புதர்களுக்குப் பின்னாலிருந்து. ஒரு முச்சந்தியில் பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். கேட்டின் மறுபுறம் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சரியான பாதையில்தான் திரும்பினார்கள், ஆனால் யார் சொன்னதைக் கேட்டுத் திரும்பினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

இப்போது காம்பஸ்களுக்குத் தனி அலமாரி. ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி தொடங்கும் முன் அவற்றை ஒரு முழ இடைவெளி விட்டு மரமேசையில் பரப்பி, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று சரிபார்ப்பேன். இந்த ஆண்டு இருபத்திரண்டில் ஒன்று தெற்கைக் காட்டியது. குப்பையில் போட எடுத்தேன், போடவில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒத்திகையன்று யாரிடமும் சொல்லாமல் அதை ஒரு குழுவின் கையில் கொடுத்துப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை.