அம்மா ஒரு ஆள், கணக்கில் இரண்டு ஆள்

போன மாதம் அம்மாவை நியூமோனியா என்று வார்ட்டில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, நாளைக்கும் அங்கேதான் போக வேண்டும். மூன்றாம் நாள் காலையில் டொக்டர் பார்த்துவிட்டு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, கட்டில் கிடைக்காமல் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டாம் நாள் இரவு மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்து, கொட்டுகிற மழையில் த்ரீவீலர் பிடித்து, அதே வார்ட்டில் இன்னும் நான்கு நாள்.

அந்த நாலு நாளும் ஸ்டூலில் உட்கார்ந்து நான் படித்தது என்ன தெரியுமா? சுகாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரச ஆஸ்பத்திரிகளின் வினைத்திறனை எப்படி அளப்பது என்று. படிப்புக்கு அதில் ஒரு ஒப்படை கொடுக்க வேண்டும்.

சரி, அந்தக் கணக்கில் அம்மாவைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் ஏழு நாள் கட்டில். ஒரே தடவையில் வைத்திருந்து குணமாக்கி அனுப்பியிருந்தால் ஒரு நோயாளி, ஏழு நாள். இப்போது இரண்டு டிக்கட், சராசரி மூன்றரை நாள். திரும்பி வந்தவர்களைத் தனியாக எண்ணாத வரைக்கும் ஆஸ்பத்திரி இரண்டு மடங்கு சுறுசுறுப்பு!

1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூன்று பேரும் கொண்டுவந்த டி.இ.ஏ (Data Envelopment Analysis) என்ற முறைதான் இதில் பிரபலம். டொக்டர், மிஸ்ஸி என்கிற தாதி, கட்டில், செலவு ஒரு பக்கம், ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) வந்தவர்கள், டிக்கட் வெட்டியவர்கள் மறுபக்கம். இருப்பதை வைத்து அதிகம் செய்கிற ஆஸ்பத்திரிக்கு 1, மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டு அதற்குக் கீழே. துருக்கி 2003இலும் சீனா 2009இலும் சீர்திருத்தம் தொடங்கியதும் ஆராய்ச்சிக்காரர்கள் இதைத்தான் கையில் எடுத்தார்கள். ஆனால் 1 வாங்கியது நல்ல ஆஸ்பத்திரி என்று அர்த்தமில்லை, கூட நிற்கிறவர்களில் முந்தி நிற்கிறது, அவ்வளவுதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

1986இல் பபோன் லாசோ போட்ட வரைபடம் இதைவிட எளிது. கட்டில்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன, ஒரு கட்டிலில் வருடத்துக்கு எத்தனை பேர் மாறுகிறார்கள், இரண்டையும் வைத்து நான்கு கட்டம். எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், இரண்டும் குறைந்த கீழ்மூலைதான். பாதிக் கட்டில் காலி. ஏன் காலி? இரத்தம் சோதிக்க வசதி இல்லை, அதனால் சனம் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அங்கே பாயில் படுக்கிறது. இலங்கையில் யாரும் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம், தடுக்க ஆளில்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு சின்னதில் பெரும்பாலானவை மாகாணத்தின் கையில், பெரியவற்றில் பல மத்திய அமைச்சின் கையில். காலிக் கட்டிலும் பாயும் ஒரே சீக்கின் இரண்டு பக்கம், ஆனால் கணக்கு ஒன்றைச் சோம்பேறி என்கிறது, மற்றதைக் கெட்டிக்காரன் என்கிறது. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

அப்புறம் செலவு. ஆஸ்பத்திரி செலவழித்தது மட்டும் பட்டியலில் இருக்கிறது. இரண்டு தடவை த்ரீவீலர் காசு, அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த ஏழு நாளும் அண்ணிக்குத் தோட்டத்தில் பேர் விழாமல் நாள் சம்பளம் போனது, இதெல்லாம் எந்தப் பக்கமும் வராது. அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், அதில் பெருமைதான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போவது இலவசமில்லை.

அளக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்படையில், மறுபடி வந்து சேர்ந்தவர்களையும் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களையும் தனியாக எண்ணச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதை விளக்கினேன். கேட்டுவிட்டு, “என்னைய ரெண்டு ஆளா எழுதிருக்காங்களா புள்ள? அப்ப வார்ட்டுல குடுத்த அந்த மீன் துண்டையும் ரெண்டா வச்சிருக்கலாமே” என்றார்.