உள்ளே ஆடினால் ஒரு களைப்பு, வெளியே ஆடினால் வேறு களைப்பு

ஏப்ரல் 20
சித்திரை வெயிலுக்குப் பயந்து எங்கள் பெடியள் கரப்பந்தாட்டத்தை விட்டு பட்மின்டனுக்கு வந்துவிட்டார்கள். நிழல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே ஆடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது செட்டிலேயே ரக்கெட் பிடி வழுக்குகிறது, ரீ-ஷேர்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் ஓடுகிறது. ஃபானும் போட முடியாது, ஐந்து கிராம் ஷட்டில் அந்தக் காற்றுக்கே அலையும். "அண்ணை, நிப்பாட்டுங்கோ, அங்கால இழுக்குது" என்று உடனே சத்தம் வரும்.

ஏப்ரல் 23
வியர்த்தால் உடம்பு குளிரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குளிர வைப்பது வியர்வை காய்வதுதான். ஒரு லீற்றர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், சொட்டி நிலத்தில் விழுந்தால் அத்தனையும் வீண். யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம், பூட்டிய அரங்கில் பத்துப் பேர் மூச்சும் வியர்வையும் சேர்ந்தால் எங்கே காய்வது? இதயம் காலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை இறக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். கால் நோகாமலே ஆள் சோர்ந்து விழுவது அதனால்தான்.

யூன் 15
சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, நல்லாய் வீசுகிறது. நாலரைக்கு வெளியே ஓவர் கேம், எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டம். வெயில் முதுகில் நேராக அடித்தும் மூச்சு வாங்கவில்லை, தலை தெளிவாக இருந்தது. களைப்பெல்லாம் கெண்டைக்காலில். மணலில் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கால் புதைகிறது, அப்புறம் சர்வீஸ் பந்தைக் காற்று திருப்பிவிட, அதன் பின்னால் ஓடுகிற ஓட்டம் வேறு.

யூன் 18
இந்தக் காற்றில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. "வேர்க்கவேயில்லை அண்ணா, எனக்கென்னத்துக்குத் தண்ணி?" என்றான் ஒரு தம்பி. அவன் கறுப்பு பெனியனின் முதுகில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. வியர்வை தெரியாமலே காய்ந்து போயிருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுக்கச் சொன்னேன். எடையில் 2 சதவீதம் குறைந்தாலே வேகமும் கவனமும் விழத் தொடங்கும், 60 கிலோ ஆளுக்கு அது 1.2 லீற்றர்தான்! உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் இனிக் கட்டாயம்.

யூலை 6
பேசி முடிவெடுத்துவிட்டோம். பட்மின்டன் காலை ஆறு மணிக்கு, தகரம் சூடாக முன்னம். சோளகம் இருக்கும் வரை பின்னேரம் வெளியே. சுவருக்கு மேலே, கூரையின் கீழ் விளிம்பில் காற்றுப் போக்கி வைக்கக் கேட்டிருக்கிறோம். அவ்வளவு உயரத்தில் இருந்தால் சூடு வெளியேறும், ஷட்டிலும் அவ்வளவாக அலையாது. மேசன் ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.