போதும்யா

இலங்கையின் 2022 நெருக்கடியிலிருந்து எங்கள் தேயிலைக் கம்பெனி எப்படி மீண்டது என்று கேட்பவர்களுக்கு உரம், டீசல், டாலர், ஏலம் என்று ஒரு மணி நேரம் சொல்வேன். காலையில் வேலை பிரிக்கத் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நான் கொடுத்த வாக்கு மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

2022 ஜூன் ஆரம்பம், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவு. வேலைநாளைக் குறைக்கப் போகிறார்கள் என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் பேச்சு கிளம்பிவிட்டது, நீங்களே வந்து ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடும் என்று தோட்ட மேனேஜரான பெரிய துரை போன் எடுத்தார். போனேன். பனி விலகவில்லை, எல்லோரும் கூடையோடு நிற்கிறார்கள். "யாருக்கும் ஒரு பேர்கூட குறையாது" என்றேன். பேர் என்றால் ஒரு நாள் வேலையும் அதற்கான சம்பளமும். முன்னால் நின்ற ஒரு அக்கா இடுப்பில் சுற்றிய படங்கை இறுக்கிக்கொண்டே, "அதை எழுதித் தருவீங்களாய்யா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கடையில் விலை கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"நான் சொன்னா போதாதா அக்கா? எங்கம்மாவும் இதே மாதிரி பெரட்டுல நின்னவங்கதான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போதும்யா" என்றார்.

ஐந்து வாரம் கழித்து ஆறு நாள் வேலையை நான்காகக் குறைக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பதினொரு வாரம் அப்படியே ஓடியது, ஆளுக்கு 22 நாள் பேர் போனது. அந்த நேரத்தில் ஒரு பேர் ஆயிரம் ரூபாய். கோதுமை மாவு விலையோ வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது.

வேறு வழி இருந்ததா? இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்த பிறகும் உரம் இறக்க டாலர் இல்லை. கொழுந்து பறிக்கப் பறிக்க மண்ணிலிருந்து தழைச்சத்து போய்க்கொண்டே இருக்கும், திருப்பிப் போடாவிட்டால் செடி சில மாதம் தாக்குப்பிடித்துவிட்டு அப்புறம் தளர்ந்துவிடும். நாட்டின் தேயிலை ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு விழுந்த வருஷம் 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் கிடையாது, வாட்டப் போட்ட கொழுந்து சிவந்து வீணான வாடையோடு கிடந்ததை நானே கையில் அள்ளிப் பார்த்திருக்கிறேன். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆறு நாளும் பேர் போட்டிருந்தால் ஆகஸ்ட் சம்பளமே போட்டிருக்க முடியாது. இந்தக் கணக்கில் பிழை இல்லை.

ஜூனில் நம்பித்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காலை வண்டியில் இருந்த என் பையில் நிதிப்பிரிவு கொடுத்த தாள்கள் இருந்தன, கடைசிப் பக்கத்தில் நான்கு நாள் திட்டமும் இருந்தது. முதல் நாள் இரவு அதைப் படித்துவிட்டுத்தான் தூங்கினேன். அப்படி ஒரு நிலை வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்கலாமா என்று தெரியவில்லை. முன்பென்றால் தொழிற்சங்கங்களோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் இருந்தது. 2021-இல் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்ததோடு கம்பெனிகள் அதிலிருந்து விலகிவிட்டன. அதனால் அந்த அக்கா கையில் இருந்தது என் வாய்ச்சொல் ஒன்றுதான். அவர் எழுத்துக் கேட்டார், நான் அம்மாவைக் கொடுத்தேன். நாளைக் குறைத்ததைவிட அதுதான் என்னை அறுக்கிறது.

எங்களைக் கரையேற்றியது நான் போட்ட திட்டம் மட்டுமல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டாலர் மே மாதம் 360 ஆனது, தேயிலை குறைந்ததால் கிராக்கியும் கூடியது, கொழும்பு ஏலத்தில் கிலோ விலை முந்தைய வருஷத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடனை அடைத்தோம். நாட்சம்பளம் 1350 ஆனது 2024 செப்டம்பரில்தான். அதற்கு இடையில் அந்த 22 பேரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பிரிவில் 140 ஆட்கள் வேலை செய்கிறார்கள், முப்பது லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வரும். கொடுத்திருக்கலாம். ஒரு பிரிவுக்குக் கொடுத்தால் பதினான்கு தோட்டமும் கேட்கும், அது நியாயமும்கூட, அப்போது தொகை எங்கேயோ போய்விடும் என்று அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டேன். சரியான முடிவுதான் என்று வாரத்தில் நான்கு நாள் தோன்றும்.

போன வருஷம் அதே பிரிவில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். அந்த அக்கா தராசில் கொழுந்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு விரலில் கறை ஏறி வெடித்திருந்தது. அந்த 22 பேரைப் பற்றிக் கேட்கட்டும், பதில் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

"அம்மா நல்லா இருக்காங்களாய்யா?" என்றார்.

"இருக்காங்க அக்கா" என்றேன். கணக்கப்பிள்ளை கிலோவை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.