எரிஞ்சா யார் வந்து கேப்பாங்க?

போன சித்திரையில் எங்கள் ஷெட்டுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி இருந்த பனியன் வேஸ்ட் குடோன் ராத்திரி 11 மணிக்குப் பற்றியது. விடிந்தும் புகைந்துகொண்டே இருந்தது. தீயணைப்புக்காரர்கள் எங்கள் தகரக் கூரைமேலும் தண்ணீர் அடித்துவிட்டுப் போனார்கள். திருப்பூரில் இது புதிதில்லை. ஆனால் காலையில் டீ குடிக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார், "நம்ம இன்சூரன்ஸ் எதுக்கெல்லாம் இருக்குது?" எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது 14 மெஷின் வைத்த பவர்டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட். கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ் வரும், தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். முத்ரா கடன் வாங்கியபோது பேங்கே ஒரு பாலிசி போட்டிருந்தது. வருஷா வருஷம் பிரீமியம் கணக்கிலிருந்து போய்விடும், காப்பியை நாங்கள் பார்த்ததே கிடையாது. கேட்டு வாங்கிப் பார்த்தால் தொகை 7 லட்சம், கடன் எவ்வளவோ அவ்வளவுதான். முகவரியோ நாங்கள் மூன்று வருஷம் முன்பே காலி செய்த ஷெட். தீ பாலிசி என்பது எழுதிய இடத்துக்குத்தான். ஆக இத்தனை நாள் யாருடைய கட்டிடத்துக்கோ நாங்கள் பிரீமியம் கட்டியிருக்கிறோம்.

தெரிந்தவர் மூலமாக ஒரு ஏஜெண்ட் தம்பி வந்தார். 5 கோடிக்குள் இருக்கிற சின்னத் தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று ஒரே மாதிரி பாலிசி இருக்கிறது, தீயோடு வெள்ளம், புயல், பூகம்பமும் அதிலேயே அடக்கம் என்றார். "எவ்வளவுக்குப் போடலாமுங்கக்கா?" என்று கேட்டபோதுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது.

மெஷின்களை நாங்கள் செகண்ட்ஸில் வாங்கியது 3.8 லட்சத்துக்கு. அந்தத் தொகையையே சொன்னேன். "புதுசு வாங்க என்ன ஆகுமோ அதைப் போடணுமுங்க" என்றார். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாவற்றுக்கும் கடையில் இன்றைய விலை கேட்டு எழுதினோம். டேபிள், அயர்ன், வயரிங் சேர்த்து 8 லட்சத்தைத் தொட்டது. குறைத்துப் போட்டால் பிரீமியம் மிச்சம்தானே என்று கேட்டதற்கு அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உள்ளே 22 லட்சத்துக்குப் பொருள் இருந்து 7 லட்சத்துக்கு மட்டும் பாலிசி இருந்தால், 6 லட்சம் நஷ்டத்துக்குக் கைக்கு வருவது சுமார் 1.9 லட்சம். அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கு மேல் போனால் வெட்டுதான்.

22 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மிச்சம் 14 லட்சமும் பீஸ். ஷிப்மெண்ட் நெருங்கும்போது எங்கள் ஷெட்டில் 12,000 பீஸ் வரை கிடக்கும். அது எங்கள் சரக்கே இல்லை, துணி கம்பெனியுடையது, எங்களுக்கு வருவது தையல் கூலி மட்டும். அதனால் முதலில் அதை விட்டுவிட்டேன். ஏஜெண்டும் கேட்கவில்லை. வீட்டுக்காரர்தான், "எரிஞ்சா யார் வந்து கேப்பாங்க?" என்றார். கம்பெனிக்குப் போன் போட்டேன். அவர்கள் பாலிசி அவர்கள் ஃபேக்டரிக்கும் குடோனுக்கும் மட்டும்தானாம். "டிசி போட்டு உங்ககிட்ட இறக்கிட்டா அது உங்க பொறுப்புங்கக்கா" என்றார்கள். டிசி என்பது சரக்கோடு வரும் டெலிவரி சலான்.

அப்புறம் தேடியதில் தெரிந்தது, 'ஹெல்ட் இன் டிரஸ்ட் ஆர் ஆன் கமிஷன்' என்று பாலிசியில் எழுதி வாங்க வேண்டும். அடுத்தவர் சரக்கு, நம் பொறுப்பில் இருப்பது என்று அர்த்தம். வெறுமனே 'ஸ்டாக்' என்று போட்டுவிட்டால் பின்னால் நஷ்டத்தைக் கணக்கிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து 'இது உங்க சரக்கா?' என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வோம். ஜாப் ஒர்க் ஊரில் இதை எந்த ஏஜெண்டும் முதலில் சொல்லாதது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஷட்டரை உடைத்துத் திருடினால் என்று பர்க்ளரி பாலிசி தனியாக எடுத்தோம், பூட்டு உடைந்த தடயம் இல்லாத திருட்டுக்கு அது வராது என்பதைத் தெரிந்துகொண்டுதான். மெஷின் பிரேக்டவுன் வேண்டாம் என்றோம், எங்கள் மெஷின்களுக்கு மெக்கானிக் கூலி அதைவிடக் குறைவு. ஆட்களுக்கு விபத்துப் பாலிசி என்று தம்பி ஒன்றை நீட்டினார். 10 பேருக்கு மேல் இருப்பதால் ஈஎஸ்ஐ கட்டுகிறோம், ஈஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு வேலையில் விபத்தானால் அதுவே பார்க்கும் என்று மறுத்துவிட்டேன். சொல்லும்போதே உறுத்தியது, செக்கிங் அக்காக்கள் இரண்டு பேர் பெயர் அதில் இல்லை. அந்த மாசமே சேர்த்தோம்.

தீ பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. புதுப் பாலிசியிலும் பேங்க் பெயரைச் சேர்த்து, காப்பியைக் கொடுத்து, அவர்கள் பிடித்தத்தை நிறுத்த இரண்டு முறை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பாலிசி வந்தது. ஷெட் நம்பர் தப்பு. திருப்பி அனுப்பி, எண்டார்ஸ்மெண்ட், அதாவது திருத்தச் சீட்டு, வாங்க ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில்தான் இன்னொன்று தோன்றியது. என்ன சரக்கு உள்ளே இருந்தது என்று காட்டுகிற டிசி ஃபைல் முழுக்க அதே ஷெட்டில், மெயின் போர்டுக்குக் கீழே இருந்த மர பீரோவில் இருந்தது. இப்போது வண்டி வந்து இறங்கியதும் டிசியைப் படமெடுத்து மகள் வாட்ஸப்புக்கு அனுப்புகிறேன். அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள், தினமும் திட்டுகிறாள்.