எல்லாம் நீர்க்கட்டியா?

சம்பா நடவு முடிந்த கையோடு இடப்பக்க அடிவயிற்றில் மந்தமான வலி ஒன்று தொடங்கியது. குனிந்து நாற்று நட்டதால் வந்த சூட்டு வலி என்று மாமியார் மோரில் வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார். நானும் ஒரு மாதம் அதை நம்பினேன். பிறகு மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்றதால் வீட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறியது என் தவறு. வலங்கைமான் தாண்டுவதற்குள் பட்ட பாடு வலியைவிடப் பெரிது.

இடது சினைப்பையில் 6 செ.மீ. கட்டி என்றது அறிக்கை. முதலில் பார்த்த மருத்துவர் படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "நீர்க்கட்டிதான்" என்று மூன்று மாத மாத்திரை எழுதினார். என் அக்காள் மகளுக்கும் நீர்க்கட்டி என்றுதான் சொன்னார்கள்; ஆனால் அவளுக்கு இருப்பது ஹார்மோன் கோளாறால் முதிராத சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள், அது வேறு விஷயம்.

மாத்திரை முடிந்தும் கட்டி அப்படியே இருந்தது. தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர் அம்மாதான் மருந்துச்சீட்டின் பின்புறம் படம் வரைந்து விளக்கினார். மாதாமாதம் முட்டை வளரும் பை வெடிக்காமல் நீர் கோத்துக்கொண்டால் ஒரு வகை. வெடித்து முட்டை வெளியேறிய பின் மிஞ்சும் பை மூடிக்கொண்டு நீரோ இரத்தமோ சேர்ந்தால் இன்னொரு வகை. இவ்விரண்டும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தாமே கரைந்துவிடும். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து பழைய இரத்தம் தேங்கினால் அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். என்னுடையதோ டெர்மாய்டு. முட்டையை உண்டாக்கும் செல்லிலிருந்தே தோன்றுவதால் அதற்குள் கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும். எந்த மாத்திரைக்கும் அது கரையாது. சினைப்பை முறுக்கிக்கொண்டு திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால் நடு இரவானாலும் புறப்பட்டு வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

அந்த நிலை வருமுன்பே, தை அறுவடைக்குப் பிறகு, வயிற்றில் சிறு துளைகளிட்டு, சினைப்பையை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் அகற்றினார்கள். எவர்சில்வர் தட்டில் வெண்ணெய் போன்ற கொழுப்பும் அதில் சுருண்ட முடிக்கற்றையும் இருந்ததைக் கணவரிடம் காட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி இன்றுவரை அவர் பேச மறுக்கிறார். திசுப் பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது. மாமியார் மட்டும் கேட்பவர்களிடமெல்லாம் நீர்க்கட்டி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.